அளவெட்டியிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒருவர் கண்ணை மூடினால், பந்தல் போட ஆள் வருமுன்னரே முற்றத்தில் ஒரு கேள்வி எழும்: "பிள்ளையள் எப்ப வருகினம்?" மூத்தவன் கனடாவில், இளையவள் பிரான்சில், நடுவில் ஒருத்தி கொழும்பில் என்று குடும்பம் சிதறிக் கிடக்கும். கொழும்புக்காரி அன்றிரவே வந்துவிடுவாள். பிரான்சிலிருந்து மறுநாள் இரவுக்குள் வரலாம். கனடாவிலிருந்து வருகிறவருக்காகத்தான் உடலை எம்பாம் செய்து வைத்து, கிரியை நாளைத் தள்ளிக் குறிப்பார்கள். "வெளிக்கிட்டிட்டானாம்", "டுபாயில நிக்கிறானாம்", "கட்டுநாயக்காவில இறங்கிட்டானாம், வான் வெளிக்கிட்டிட்டுதாம்" என்று செய்தி துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும். அந்த முற்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் ரொறன்ரோவின் தூரம் தெரியும். அவர்கள் அதைக் கிலோமீற்றரில் சொல்லமாட்டார்கள். இரண்டு நாள் என்பார்கள்.

இந்த இரண்டு நாள் எங்கிருந்து வருகிறது? நல்ல விமானங்கள் மணிக்கு 900 கிலோமீற்றர் பறக்கின்றன. உலகத்தின் எந்த மூலைக்கும் 20,000 கிலோமீற்றருக்கு மேல் தூரமில்லை, ஏனென்றால் பூமியின் சுற்றளவே 40,000 தான். அப்படியானால் மிகத் தொலைவான இடத்துக்குக்கூட ஒரு நாள் போதும். கணக்குக்கும் வாழ்க்கைக்கும் நடுவே காணாமற்போகும் அந்த மணித்தியாலங்களைத் தேடிப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். எங்கள் ஊரிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் பலாலியில் ஒரு விமான நிலையம் இருப்பதால் இந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

முதலில் பூமியைப் பார்ப்போம். பலாலி ஓடுபாதை வடக்கு அகலக்கோடு 9.8 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 80.1 பாகையிலும் இருக்கிறது. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.7, மேற்கு 79.6. இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். கிறீன்விச்சிலிருந்து கிழக்கே நாம் எவ்வளவு விலகி இருக்கிறோமோ, ஏறக்குறைய அவ்வளவே மேற்கே அவர்கள் விலகி இருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் 159.7 பாகை. சூரியன் ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை நகர்வதாகக் கொண்டால், அளவெட்டியில் உச்சிப்பொழுது ஆகி 10 மணித்தியாலம் 39 நிமிடத்துக்குப் பிறகே ரொறன்ரோவில் உச்சிப்பொழுது. கடிகாரம் இதைச் சற்றுத் திருத்திச் சொல்கிறது. கனடாவில் குளிர்காலம் என்றால் பத்தரை மணித்தியாலம், கோடைகாலம் என்றால் ஒன்பதரை. எங்கள் ஊர்க் கும்பிளாவளைப் பிள்ளையாருக்குக் காலைப் பூசை மணி கேட்கும் ஆறு மணிக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முதல்நாள் இரவு ஏழரை, அல்லது எட்டரை. அம்மா எழும்பும் நேரம் மகன் வேலையால் வந்து சாப்பிடும் நேரமாக இருப்பது இதனால்தான். தினம் தொலைபேசி எடுக்கும் குடும்பங்களுக்கு நெடுங்கோட்டுப் பாடத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் வில். பலாலிக்கும் பியர்சனுக்கும் இடையே அந்த வில்லின் நீளம் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். கடல் மைலில் 7,400. பாடசாலைச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள், இந்தப் பாதை அரபிக்கடல், ஐரோப்பா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும் என்றே நினைப்பார்கள். நூலொன்றை எடுத்து உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்தால் வேறு கதை. பலாலியிலிருந்து நூல் வடக்கே, கொஞ்சமே கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து கிளம்புகிறது. பாக்குநீரிணையைத் தாண்டி வேலூருக்கு அருகால் போய், மகாராட்டிரத்தைக் கடந்து, உஜ்ஜயினிக்குச் சற்று மேற்கால் செல்கிறது. பழைய இந்திய வானியலார் நிலநடுக்கோட்டில் ஓர் இலங்கையை வைத்து, அதையும் உஜ்ஜயினியையும் இணைக்கும் கோட்டைத்தான் தங்கள் நெடுங்கோட்டுக் கணக்கின் தொடக்கமாகக் கொண்டார்கள் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. உஜ்ஜயினிக்குப் பிறகு பாகிஸ்தானின் பஞ்சாப், ஆப்கானிஸ்தான் எல்லை, உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், உரால் மலைப் பக்கம், பின் ரஷ்யாவின் வடமேற்கு. நோர்வேயின் வடகோடியைத் தொட்டு, வடக்கு அகலக்கோடு 73 பாகைக்கு அண்மையில், கிறீன்லாந்துக் கடலின் மேலே, நூல் தன் உச்சத்தை அடைகிறது. அங்கிருந்து கிறீன்லாந்தின் பனிமேட்டைத் தாண்டி, லாப்ரடோர், கியூபெக் வழியாக ரொறன்ரோவில் இறங்குகிறது.

ஆக, வடதுருவத்தின் தோளைத் தொட்டுப் போகும் பாதை இது. பனையும் பூவரசும் நிற்கும் ஊரிலிருந்து மேப்பிள் மரங்களின் நகரத்துக்கு நேர்வழி, வெள்ளைக் கரடிகளின் நாட்டுக்கு மேலால் போகிறது.

இந்த நூலின் மேல் எந்தப் பயணியும் பறந்ததில்லை. பறக்கக்கூடிய விமானம் இல்லாததால் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல் இடைநில்லாமல், பதினெட்டு மணித்தியாலத்துக்கும் அதிகமாக, எயார்பஸ் ஏ350 விமானங்கள் பறக்கின்றன. அதைவிட 1,600 கிலோமீற்றர் குறைந்த நமது பாதை இயந்திரத்துக்குப் பெரிய வேலையில்லை. 900 கிலோமீற்றர் வேகத்தில் பதினைந்தேகால் மணித்தியாலம், எதிர்க்காற்றும் ஏற்ற இறக்கமும் சேர்த்தால் பதினாறைத் தாண்டும்.

தடை வேறிடங்களில் இருக்கிறது. 2022 பெப்ரவரி இறுதியில் உக்ரேன் போரை ஒட்டிக் கனடா தன் வானை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. தில்லியிலிருந்து வட அமெரிக்காவுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த எயார் இந்தியா விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாகி, சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. நமது நூல் தொடும் நாடுகளைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ரஷ்யா. ஒன்றுக்கொன்று வானை அடைத்துக்கொண்ட நாடுகள், போரின் நிழல் விழுந்த நாடுகள். வரைபடத்தில் கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அரசாங்கம் தலையசைக்க வேண்டும்.

எனவே மக்கள் போகும் வழிகளைப் பார்ப்போம். பெருவழி கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்க. அங்கிருந்து டுபாய்க்கு ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர், டுபாயிலிருந்து ரொறன்ரோ 11,080. மொத்தம் 14,370. லண்டன் வழி போனால் 8,700, பின் 5,700. மொத்தம் 14,400. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து லண்டன் போய் ரொறன்ரோ சேர்ந்தால் 355, 8,235, 5,700 என்று கூட்டி 14,300க்குக் கொஞ்சம் கீழே. இலட்சிய நூலோ 13,700. இந்த எண்களைக் கூட்டிக் கழித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. எந்த வழியால் போனாலும் வான்தூரம் ஏறத்தாழ ஐந்து வீதம்தான் கூடுகிறது. டுபாயில் இறங்குவதோ லண்டனில் இறங்குவதோ சுற்றுவழி என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் எண்ணம் பிழை. நேரே பறந்தாலும் மிச்சம் பிடிக்கக்கூடியது முக்கால் மணித்தியாலப் பறப்பு மட்டுமே.

விமானத் தூரத்தைச் சொல்லும் பட்டியல்கள் இங்கேதான் நம்மை ஏமாற்றுகின்றன. "கொழும்பு–ரொறன்ரோ 14,000 கிலோமீற்றர், பதினைந்தரை மணித்தியாலம்" என்று அவை சொல்லும். கணிதப்படி அது சரி. ஆனால் அது சொல்லும் நேரத்தில் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை. விமானக் கம்பனிகள் தங்கள் அட்டவணையில் போடும் நேரமும் பறக்கும் நேரம் இல்லை. நிலையத்து வாசலை விட்டுச் சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து அடுத்த நிலையத்து வாசலில் சக்கரம் நிற்கும் வரையான நேரம் அது. வரிசையில் நின்று ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதற்குள் அடங்கும். அதோடு, ஒரே தூரத்துக்குப் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். நடு அகலக்கோடுகளின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு இதற்குக் காரணம். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணித்தியாலம் போகிற விமானம், திரும்பும்போது ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ முந்தி வந்துவிடும். ஊருக்கு வருகிற பயணம் சுருக்கம் என்று கனடாப் பிள்ளைகள் சொல்வது ஆசையால் மட்டும் வரும் உணர்வில்லை, காற்றும் அவர்களைத் தள்ளி விடுகிறது.

ஆனால் திகதியில் எல்லாம் குழம்பும். சனிக்கிழமை இரவு ரொறன்ரோவில் ஏறுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற நாள் ஏறத்தாழ முழுவதும் வானத்திலும் இடைத்தங்கலிலும் கழிந்துவிடும். திங்கள் விடியற்காலை கட்டுநாயக்கவில் இறங்குவார். செத்தவீட்டுத் திகதி குறிக்கிறவர்கள் இந்தக் கழிந்த நாளையும் எண்ண வேண்டியிருக்கிறது.

இனி அளவெட்டி வாசலில் நின்று தொடங்குவோம். பயணம் போகிறவர் படலையடியில் தேங்காய் உடைத்து, வான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வெளிக்கிடுகிறார். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. நல்ல வீதிதான் இப்போது, ஆனாலும் 350 கிலோமீற்றருக்கு மேல். தேநீருக்கு நிற்பதோடு எட்டு மணித்தியாலம். கட்டுநாயக்கவில் பொதி கொடுத்து, குடிவரவைத் தாண்டி, வாசலில் காத்திருக்க மூன்றரை. டுபாய் வரை நாலேமுக்கால். அங்கே நாலு மணித்தியாலம் இருப்பு என்றால் அது அதிர்ஷ்டம், எட்டும் பத்தும் இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பின் பதினான்கு. பியர்சனில் குடிவரவு, சுங்கம், பொதி எடுத்தல் இரண்டு. அங்கிருந்து ஸ்காபரோ வீட்டு வாசலுக்கு முக்கால். மொத்தம் 37 மணித்தியாலம்.

இதில் வானத்தில் இருந்தது 18¾. சரிபாதி. மீதிப் பாதி தரையில் கழிந்தது. அந்தத் தரைப் பாதியிலும் வான் ஓட்டம் மட்டும் எட்டு மணித்தியாலம். தூரத்தில் அது முழுப் பயணத்தின் நூற்றில் மூன்று பங்குகூட இல்லை, நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். எழுபது வயது தாய் ஒருத்தி, பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவோடு இரவிரவாக வானில் குந்தியிருந்து, விமானத்தின் முதல் படியை மிதிக்கும்போதே அவளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். வடக்கே போக வேண்டியவள் தெற்கே 290 கிலோமீற்றர் கீழிறங்கிப் போய்த்தான் ஏற வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிற ஓடுபாதை அவளுக்கு உதவவில்லை.

அந்த ஓடுபாதைக்கு ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய கதை.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை பலாலியில் போட்ட தளம் அது. போர் முடிந்தபின் பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதற்பறப்பைத் தொடங்கியது. டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை, அதாவது பலாலியில், இறங்கிப் பின் சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்த நேரம். நாட்டின் தேசிய விமான சேவை பறந்த முதல் வழியே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? டக்கோட்டா மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்டத்தான் பறக்கும். சென்னைக்கு 355 கிலோமீற்றர் என்பதால் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் ஆகியிருக்கும். இன்றைய ஏ.ரி.ஆர். விமானத்துக்கு அட்டவணையில் போடுவதும் ஏறக்குறைய அதே நேரம். எழுபத்தைந்து வருடத்தில் இயந்திரம் முன்னேறியது. நமது பயணம் இருந்த இடத்திலேயே வந்து நிற்கிறது, நடுவில் நாற்பது வருடத்தைத் தொலைத்துவிட்டு.

வானம் ஒரு பக்கம் இருக்க, கடலும் ரயிலும் நம்மவர்களை அக்காலத்தில் கொண்டு திரிந்தன. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேசுவரத்துக்கு மாறி, 1984 வரை ஓடியது. 1956இல் யாழ்தேவி வந்தது. மல்லாகத்திலோ தெல்லிப்பழையிலோ ஏறினால் மாலைக்குள் கொழும்பு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் நம்மவர் கையால் செலுத்தப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவுக்கான வழி நமக்குப் புதியதில்லை. மாதக்கணக்கான வழியாக இருந்தது, அவ்வளவே.

பிறகு யுத்தம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலாலி, வசாவிளான், மயிலிட்டி, குரும்பசிட்டி, கட்டுவன் என்று விமான நிலையத்தைச் சூழ்ந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. ரயில் நின்றது. தரைவழி ஆனையிறவில் அடைபட்டது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதென்றால், இரவில் கிளாலிக் கடலேரியில் படகேறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுகரை சேர்ந்து, வன்னியின் மண்பாதைகளால் வவுனியா போய், சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். நாட்கணக்கு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அளவெட்டியிலிருந்து சாவகச்சேரி எத்தனை கிலோமீற்றர் என்று அன்றைக்கு நாவற்குழிப் பாலத்தில் நின்றவர்களிடம் கேட்டால் எந்த வரைபடத்திலும் இல்லாத பதிலைச் சொல்வார்கள்.

பிந்திய ஆண்டுகளில் பாதுகாப்பு அனுமதி பெற்றவர்கள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்தார்கள். 330 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே மேல். அந்த ஒரு மணித்தியாலமும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் இறந்தார்கள். அதன் சிதைவுகளே 2012இல்தான் இரணைதீவுப் பக்கக் கடலில் கண்டெடுக்கப்பட்டன. நேரமே கூடக் கூறுபட்டிருந்த காலம் அது. 1996இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்தள்ளியபோது வன்னியில் பழைய நேரமே நடந்தது. 2006 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் மீண்டும் பழைய ஐந்தரைக்கு வந்தது. ஒரே தீவுக்குள் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது கடிகாரத்தைத் திருத்தியவர்கள் நாம்.

கனடாவுக்கான தூரமும் அந்த ஆண்டுகளில் வேறு அளவுகோலால் அளக்கப்பட்டது. 1983க்குப் பிறகு வெளிக்கிட்டவர்களிற் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் போனார்கள். 1986 ஓகஸ்ற் 11 அன்று நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து அவர்களை ஏற்றி வந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. 2010 ஓகஸ்ற்றில் சன் சீ கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. தாய்லாந்துப் பக்கமிருந்து ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணம். "ஏஜென்சி"க்குக் காசு கட்டி, ஏதோ ஒரு நாட்டு அறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்து போய்ச் சேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் 14,000 கிலோமீற்றர்தான். பயண நேரத்தை எழுதும் இடத்தில் அவர்கள் என்ன எழுதுவார்கள்?

அளவெட்டி தன் கலையையும் இப்படித்தான் அனுப்பிவைத்தது. நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனின் ஊர் இது. கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தி பிறந்த ஊர். அவருடைய மகன் கவிஞர் சேரன் கனடாவில் பேராசிரியர். ஒரு தலைமுறை ஊருக்குள் பாடியதை அடுத்த தலைமுறை பூமியின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறது. ஊரில் கோயில் திருவிழா என்றால் உபயகாரர் பெயர்ப்பட்டியலில் கனடாவும் லண்டனும் இருக்கும். உபயகாரர் வரமுடியாமல் நேரலையில் பார்ப்பார். அதிகாலைப் பூசையை அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கும் குடும்பங்களுக்கு இந்தப் பயணக் கணக்கு பொழுதுபோக்கான புள்ளிவிபரமாகத் தெரியாது.

2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் எயார் சென்னைக்கு ஒழுங்காகப் பறந்தது. நாலு மாதத்தில் கொரோனா வந்து 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசெம்பர் 12இல் மீண்டது. 2024 செப்ரெம்பர் 1 முதல் இன்டிகோவும் சென்னையிலிருந்து வருகிறது, 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. திருச்சி பலாலியிலிருந்து 185 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கவை விட நூறு கிலோமீற்றர் கிட்ட. 2023 ஒக்ரோபரிலிருந்து காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் விட்டு விட்டு ஓடுகிறது. இவையெல்லாம் நல்ல செய்திகள், மனமார வரவேற்கிறேன்.

ஆனால் இவை அந்தத் தாயின் 37 மணித்தியாலத்தைக் குறைத்தனவா? இன்னும் முழுதாக இல்லை. பலாலிக்கு வருவது எழுபதுக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஏ.ரி.ஆர். விசிறி விமானங்கள். பெரிய ஜெற் விமானம் இறங்கும் நிலையில் ஓடுபாதை இல்லை. சிறிய விமானத்தில் பொதி எடை குறைவு. கனடாவுக்குப் போகிறவரிடம் ஒடியல்மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, பலகாரம் என்று இரண்டு பெரிய பெட்டி இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் இணைப்பு. சென்னையிலிருந்து மேற்கே போகும் பெரிய விமானங்களிற் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புபவை. பலாலி விமானம் பகலில் போய் இறங்கும். இரண்டும் வெவ்வேறு ரிக்கற்றாக எடுத்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து மீண்டும் உள்ளே போக வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். அரை நாள், சிலவேளை ஒரு நாள் தங்கவும் வேண்டும். வான் ஓட்டத்தில் மிச்சம் பிடித்த எட்டு மணித்தியாலம் சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கரைந்துவிடும்.

சரியாக இணைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து பலாலிக்கு அரை மணித்தியாலம். நிலையத்தில் இரண்டு. சென்னைக்கு ஒன்றேகால். சென்னையில் வெளியே வராமல் நாலு. லண்டனுக்குப் பத்தேமுக்கால். அங்கே மூன்று. ரொறன்ரோவுக்கு எட்டு. இறங்கி வீட்டுக்குப் போக இரண்டேமுக்கால். கூட்டினால் முப்பத்திரண்டேகால். ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே மிச்சம், அது பெரிதா என்று கேட்கலாம். இரவிரவாக வானில் குலுங்காத உடம்பு அந்த விடையைச் சொல்லும். வழியனுப்ப வருகிறவர்கள் அன்றிரவே தங்கள் கட்டிலில் படுப்பார்கள். வானுக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். இதற்குப் புதிய ஓடுபாதை தேவையில்லை. ஒரே ரிக்கற்று, பொதியைப் பலாலியிலேயே பாரம் கொடுத்து ரொறன்ரோவில் எடுக்கும் ஏற்பாடு, சென்னையில் பொருந்தும் நேரம் என்ற மூன்றும் போதும். இரு அரசாங்கங்களும் விமானக் கம்பனிகளும் மேசையில் இருந்து பேசி முடிக்கக்கூடிய விடயங்கள் இவை.

ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானத்தை இறக்கினால் இன்னும் சுலபம் என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் சொல்கிறார்கள். டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நேரே பலாலியில் இறங்கும் கனவு எனக்கும் உண்டு. ஆனால் ஓடுபாதை எங்கே நீளும்? அதைச் சூழ்ந்திருப்பது 1990இல் உடுத்த துணியோடு வெளியேறிய மக்களின் காணி. செம்மண் தோட்டங்கள், கிணறுகள், கோயில்கள், பாடசாலைகள் இருந்த நிலம். போர் முடிந்தபின் பகுதி பகுதியாக விடுவித்தார்கள், இன்னும் முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகத் தன் வளவைப் பார்க்கக் காத்திருக்கிற ஒருவரிடம், அது விமான நிலையத்துக்குத் தேவை என்று சொல்வது எந்த நியாயத்திலும் சேராது. காணி முதலில் உரியவர் கைக்குப் போகட்டும். அவர்கள் தங்கள் வேலிக்குள் நின்று, விலையையும் எல்லையையும் தாங்களே பேசி, விரும்பினால் கொடுக்கட்டும். அதற்கு முன்னர் நீட்டப்படும் எந்த ஓடுபாதையும் ஒரு குடும்பத்தின் தூரத்தைக் குறைக்க இன்னொரு குடும்பத்தின் தூரத்தைக் கூட்டும். கட்டுவன் ஆளுக்கு ரொறன்ரோ 14,000 கிலோமீற்றர் என்றால், முள்வேலிக்கு அப்பால் இருக்கிற சொந்தக் கிணறு எத்தனை கிலோமீற்றர்?

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. கனடாவிலிருந்து மகள் வர வேண்டியிருந்தது. அவள் சென்னை வரை வந்து, அங்கிருந்து பலாலிக்கு இருக்கை கிடைத்து ஏறிவிட்டாள் என்று செய்தி வந்தது. பந்தலுக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி வானத்தைப் பார்த்தார்கள். விசிறிச் சத்தம் வடக்கே கேட்டது, பிறகு அடங்கியது. "இறங்கிட்டுது" என்றார் ஒரு முதியவர். மகளைக் கூட்டிவரப் போன ஓட்டோ முக்கால் மணித்தியாலத்தில் படலையடியில் வந்து நின்றது. கையில் ஒரு சிறிய பெட்டி மட்டும் வைத்திருந்தாள்.